நாற்பத்தைந்து குரல்களில் ஒரு குரல்

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. பள்ளியில் இசை ஆசிரியராகச் சேர்ந்து மூன்றாவது வருடம். ஒரு வகுப்பில் 45 பிள்ளைகள். வாரத்துக்கு ஒரே ஒரு பீரியட், அதுவும் 40 நிமிடம். பாதிப் பேருக்குச் சுருதி சேரவில்லை, வகுப்பில் ஒரே சத்தம், விழா நெருங்கினால் பாட்டுத் தயார் செய்வதைத் தவிர வேறு எதற்கும் நேரமில்லை. கடைசியில், உற்சாகத்தை எப்படித் தக்கவைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மூன்று முறை படித்த பிறகு எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். நாம் சொல்லிக்கொடுப்பதில் ஏதாவது பிள்ளைகளிடம் ஒட்டுகிறதா என்பதே தெரியாமல் இருக்கிறீர்கள். அதுதான் உங்களைச் சோர்வடைய வைக்கிறது. ஊக்க வார்த்தைகள் ஒரு வாரம் தாங்கும், அவ்வளவுதான். ஒட்டுகிறதா என்று நீங்களே காதால் கேட்கும்படி வகுப்பை மாற்றிவிட்டால் உற்சாகத்தைத் தனியாகத் தேட வேண்டியிருக்காது. அதனால் இந்தப் பதில் பெரும்பாலும் அந்த மாற்றத்தைப் பற்றியது.

நான் பல வருடங்களாகப் பள்ளிகளில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வரும் இசை ஆசிரியர்களின் வகுப்பில் பின் வரிசையில் உட்கார்ந்து கவனிப்பதும் என் வேலைதான். என் துறை வாய்ப்பாட்டு. ஊதுகருவிகள், பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு நான் எழுதுவதில் பாதிதான் பொருந்தும்.

முதலில் ஒரு கணக்கு. வருடத்துக்கு 35 வாரம் வகுப்பு நடந்தால், 40 நிமிடம் வீதம் மொத்தம் 1400 நிமிடம், கிட்டத்தட்ட 23 மணி நேரம். ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் இசைக் கல்வி முழுசாக ஒரு நாள் கூட இல்லை. இதை மனம் தளர வைக்கச் சொல்லவில்லை. அந்த 23 மணி நேரத்தில் எதைச் செய்யலாம், எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்க இந்தக் கணக்கு உதவும். இசைக் கருவிகளின் படம் வரைந்து பெயர் எழுதுவது, இசை மேதைகளின் வாழ்க்கைக் குறிப்பை நோட்டில் எடுப்பது, இதையெல்லாம் நான் வகுப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்வேன். வகுப்பில் பெரும்பகுதி நேரம் ஏதாவது ஒரு ஒலி இருக்க வேண்டும். பாடுவது, தட்டுவது, கவனித்துக் கேட்பது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது, இதில் எதுவாகவும் இருக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். நான் பார்த்த பெரும்பாலான வகுப்புகளில் ஆசிரியர் ஒரு வரி பாடுவார், 45 பேரும் சேர்ந்து திருப்பிப் பாடுவார்கள். பத்து நிமிடத்தில் பாட்டு ஓரளவு உருவாகிவிடும். ஆனால் யார் சரியாகப் பாடினார்கள், யார் வாயை மட்டும் அசைத்தார்கள், யார் ஒரு ஸ்தாயி (ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரையுள்ள தூரம்) கீழே இழுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அந்த ஆசிரியருக்குத் தெரியவே தெரியாது. மாதக்கணக்கில் கூட்டத்தின் ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு முன்னேற்றம் என்று ஒன்று காதில் விழாது. ஒரு குழந்தை போன மாதம் எட்டாத இடத்தை இந்த மாதம் எட்டினால் அது அந்தக் குழந்தையின் தனிக்குரலில்தான் கேட்கும். அதனால் வாரம் ஒரு முறையாவது ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் தனியாகக் கேளுங்கள்.

நேரம் எங்கே என்பீர்கள். வருகைப் பதிவைப் பாட்டாக எடுங்கள். பிள்ளையின் பெயரை இரண்டு ஸ்வரத்தில் கூப்பிடுங்கள். மேலே ப, கீழே க, இந்த இறக்கம் சின்னக் குழந்தைகளின் வாயில் சுலபமாக வரும். "வந்தேன்" என்று அதே இரண்டு ஸ்வரத்தில் பிள்ளை பதில் சொல்ல வேண்டும். ஒருவருக்கு நான்கு வினாடி வைத்தால் 45 பேருக்கு மூன்று நிமிடம். எப்படியும் வருகை எடுத்தாக வேண்டும், அதே நேரத்தில் இதுவும் முடிந்துவிடுகிறது. பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சின்னக் குறி போடுங்கள். இரண்டு ஸ்வரமும் சேர்ந்தால் ஒரு கோடு, ஒன்று சேர்ந்தால் ஒரு புள்ளி, பேச்சுக்குரலிலேயே சொன்னால் வெறுமனே விட்டுவிடலாம். "சரியில்லை, இன்னொரு தரம்" என்று அந்த இடத்தில் யாரையும் நிறுத்தாதீர்கள். அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள். திருத்துவார்கள் என்ற பயம் இல்லாததால்தான் கூச்சப்படும் பிள்ளையும் அந்த நான்கு வினாடிக்கு வாயைத் திறக்கும். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். அவர்களை நான்கு நான்கு பேராகப் பிரித்து, பாட்டில் ஆளுக்கு ஒரு வரி என்று சங்கிலி போலப் பாட வைத்தால் அதே வேலை நடக்கும்.

சுருதி சேராத பிள்ளைகளைப் பற்றி. பிறவியிலேயே சுருதி வேறுபாட்டை உணர முடியாத நிலை ஒன்று உண்டு. அது உண்மைதான், ஆனால் மிகச் சிலருக்குத்தான். உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அது இருக்க வாய்ப்பே இல்லை. சேராததற்கு நான் திரும்பத் திரும்பக் கண்ட காரணங்கள் வேறு. முதலாவது, பாட்டு அவர்கள் குரலுக்கு எட்டாத இடத்தில் இருக்கும். ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு வசதியான இடம், கீபோர்டின் நடு சி-க்கு அடுத்த டி-யிலிருந்து மேலே ஏ வரை. பாடத் தொடங்கும் சுருதியின் உயரத்தைச் சொல்லும் கட்டைக் கணக்கில் இரண்டு கட்டையிலிருந்து ஆறு கட்டை வரை. வளர வளர இது இரண்டு பக்கமும் விரியும். பெரியவர்கள் தங்களுக்கு வசதியான கட்டையில் ஆரம்பித்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சேரவில்லை என்று வருத்தப்படுவதை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டாவது, நீங்கள் ஆணாக இருந்தால் உங்கள் குரல் பிள்ளைகளின் குரலுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். சின்னப் பிள்ளைகள் சிலர் அந்தக் கீழ்ஸ்தாயியையே பிடிக்க முயன்று அடித்தொண்டையில் முனகுவார்கள். வகுப்பில் நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையை முதலில் பாட வைத்து, அதைக் கேட்டு மற்றவர்களைப் பாடச் சொன்னால் உடனே வித்தியாசம் தெரியும். கருவியில் வாசித்துக் காட்டும் ஸ்வரத்தைவிட, தங்கள் குரலைப் போன்ற குரலைப் பிடிப்பது அவர்களுக்கு எளிது. மூன்றாவது காரணம், பிள்ளை பேச்சுக்குரலிலேயே பாடுகிறது, மேலே வேறொரு குரல் தனக்கு இருப்பது அதற்குத் தெரியாது. இதற்கு ஸ்வரம் வேண்டாம். ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே "ஊ" என்று வழுக்கச் சொல்லுங்கள். சைரனை நேராகப் பேச்சுக்குரலில் செய்ய முடியாது, தானாகவே மேல்குரல் திறக்கும்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். எட்டு வயதுச் சிறுமி, எந்தப் பாட்டானாலும் ஒரே தாழ்ந்த ஸ்வரத்தில் சொல்லிக்கொண்டே போவாள். வகுப்பு முடிந்து மற்றவர்கள் வரிசையில் வெளியே போய்க்கொண்டிருந்த நேரம், அவளிடம் "உனக்குப் பிடித்த மாதிரி ஆ சொல்லு" என்றேன். சொன்னாள். அவள் எடுத்த அதே ஸ்வரத்தை நான் பாடினேன். இரண்டு குரலும் ஒன்றாகச் சேர்ந்த கணம் அவள் சட்டென்று நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தாள். தன் குரல் இன்னொரு குரலோடு ஒட்டினால் எப்படி இருக்கும் என்பதை அவள் அதுவரை கேட்டதே இல்லை. மறுபடி அதே ஸ்வரம், அப்புறம் அதற்கு அரை ஸ்வரம் மேலே. அது சேராதபோது அவளே தலையை ஆட்டி "இல்லை" என்றாள். எனக்கு வேண்டியது அந்த "இல்லை"தான். சேரவில்லை என்று தெரிகிறது என்றால் காது வேலை செய்கிறது, குரல் மட்டும்தான் பின்னால் வர வேண்டும். ஒவ்வொரு வாரமும் வாசலில் அரை நிமிடம். அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் நான்கைந்து ஸ்வரத்துக்குள் இருக்கும் பாட்டுகள் அவளுக்குப் பிடிபட்டுவிட்டன. பிள்ளையை நம் சுருதிக்கு இழுப்பதற்கு முன், பிள்ளை நிற்கும் சுருதிக்கு நாம் போக வேண்டும். என் அனுபவத்தில் இதைவிட உறுதியாகப் பலன் தந்த வழி வேறில்லை.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். விழா மேடை கெட்டுவிடக் கூடாது என்று "நீ வாயை மட்டும் அசை" என்று ஒரு பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். "எனக்குப் பாட்டு வராது" என்று சொல்லும் பெரியவர்களிடம் எப்போதிலிருந்து என்று கேட்டுப் பாருங்கள். பலர் ஒரு வகுப்பையும் ஒரு ஆசிரியர் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தையும் துல்லியமாக நினைவு வைத்திருப்பார்கள். அந்தப் பிள்ளையைச் சுருதி நிற்கும் இரண்டு பேருக்கு நடுவில், அவர்கள் குரல் காதில் நேராக விழும்படி நிறுத்துங்கள். கோரஸும் கெடாது, பிள்ளைக்கும் ஒவ்வொரு ஒத்திகையும் பாடமாகும்.

அடுத்தது உங்கள் பழக்கம் பற்றி. பிள்ளைகள் பாடும்போது நீங்கள் கூடவே பாடாதீர்கள். சொல்ல எளிது, கடைப்பிடிப்பது கஷ்டம். நாம் பாடினால் அவர்கள் நம்மேல் சாய்ந்துகொள்வார்கள், நமக்கும் அவர்கள் குரல் கேட்காது. நீங்கள் பாடுங்கள், அவர்கள் கேட்கட்டும். அவர்கள் பாடட்டும், நீங்கள் கேளுங்கள். புதுப் பாட்டை முழுசாக மூன்று தரம் பாடிக் காட்டுங்கள், ஒவ்வொரு தரமும் ஒரு கேள்வியோடு. இந்தச் சொல் எத்தனை தரம் வருகிறது? எந்த வரி எல்லாவற்றையும்விட மேலே போகிறது? எந்த இரண்டு வரிக்கு மெட்டு ஒன்றே? இப்படிக் கேட்ட பிள்ளைகள் நான்காவது தரம் பாதிப் பாட்டைத் தாங்களாகவே பாடிவிடுவார்கள்.

இது உங்கள் தொண்டைக்கும் நல்லது. பேசும்போது ஆணின் குரல்நாண்கள் வினாடிக்குச் சுமார் 120 தடவையும் பெண்ணின் குரல்நாண்கள் சுமார் 200 தடவையும் அதிர்கின்றன. நாள் முழுக்க வகுப்புச் சத்தத்துக்கு மேலே பேசினால் அவை எவ்வளவு உரசும் என்று பாருங்கள். குரல் கெடுவது அதிகமாக உள்ள தொழில்களில் ஆசிரியர் வேலை ஒன்று. "அமைதி" என்று கத்துவதற்குப் பதில் ஒரு தாளத்தைத் தட்டுங்கள், அவர்கள் அதையே திருப்பித் தட்ட வேண்டும், அப்புறம் கை கட்டி நிற்க வேண்டும். முதல் வாரத்தில் இதை ஒரு விளையாட்டாகப் பழக்கிவிட்டால் வருடம் முழுக்க உதவும். கரகரப்பு மூன்று நான்கு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

காதையும் கவனிக்க வேண்டும். வேலையிடங்களில் 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்று பரவலாகக் கொள்ளப்படும் ஒரு வரம்பு உண்டு. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரம், 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். மூடிய அறையில் எல்லோரும் சேர்ந்து தாளக் கருவி அடித்தால் அது எளிதில் அந்த அளவுக்குப் போகும். கருவி கையில் இருக்கும் நேரத்தைச் சிறுசிறு பகுதியாக்குங்கள். பாதிப் பேர் வாசிக்கட்டும், பாதிப் பேர் அதே தாளத்தைத் தொடையில் தட்டட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

வகுப்பில் சத்தம் என்று எழுதியிருந்தீர்கள். நான் உட்கார்ந்து கவனித்த வகுப்புகளில் சத்தம் பெரும்பாலும் ஆசிரியர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் தொடங்கியது. பிள்ளைகள் உள்ளே நுழையும்போதே தாளம் ஓடிக்கொண்டிருக்கட்டும், வந்து சேருகிறவர்கள் அதில் கலந்துகொள்ளட்டும். முன்னுரையே வேண்டாம். அப்புறம், சின்னப் பிள்ளைகளிடம் மிக மெதுவான காலப்பிரமாணத்தைக் கேட்காதீர்கள். அவர்களுக்கு இயல்பாக வரும் வேகம் நம்முடையதைவிடக் கூடுதல். அவர்கள் ஓடுகிறார்கள் என்று நாம் நினைப்பது பல நேரம் அவர்களுக்கு நடைதான். அவர்கள் வேகத்தில் தொடங்கி, நிலையாக நின்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

எந்த முறையைப் பின்பற்றலாம் என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். சுவிட்சர்லாந்தின் டால்க்ரோஸ் உடல் அசைவில் தொடங்கினார். ஜெர்மனியின் கார்ல் ஓர்ஃப் எளிய கருவிகளையும் பிள்ளைகள் தாங்களே இட்டுக்கட்டுவதையும் முன்னால் வைத்தார். ஹங்கேரியின் கொடாய் வாய்ப்பாட்டை அடிப்படையாக்கினார். அவர் பெயரால் வழங்கும் முறையில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் கையால் காட்டும் கைச்சைகைகள் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் வகுத்தவற்றிலிருந்து வந்தவை. ஸ்வரங்களுக்குப் பெயர் வைத்துப் பாடிப் பழக்கும் வழியோ ஐரோப்பாவில் 11-ஆம் நூற்றாண்டின் இத்தாலியத் துறவி குய்டோ வரை போகிறது. இவர்கள் எல்லோரும் ஒத்துப்போகும் இடம் ஒன்று: முதலில் ஒலி, பிறகுதான் குறியீடு. பிள்ளை பாடி, ஆடி, உள்ளே வாங்கிக்கொண்ட பிறகு அதற்குப் பெயரும் எழுத்தும் சொல்லிக்கொடுங்கள். எந்த முறை உயர்ந்தது என்று வாதாடுவதில் எனக்கு ஆர்வமில்லை. 45 பேருக்கு இடம் நெருக்கடியாக இருந்தால் கொடாயின் கைச்சைகைகள் வசதி, ஏனென்றால் உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம், யார் கை தாமதமாகப் போகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இசை கற்றால் கணக்கு நன்றாக வரும், அறிவு கூடும் என்று நிர்வாகத்திடம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். மொஸார்ட்டின் இசையைக் கேட்பது பற்றி 1993-இல் வந்த புகழ்பெற்ற ஆய்வு கல்லூரி மாணவர்களிடம் நடந்தது. இசை கேட்ட பிறகு வடிவங்களை மனதில் கற்பனை செய்து பார்க்கும் ஒருவகை இடஞ்சார் சிந்தனைப் பயிற்சியில் கொஞ்ச நேரம் நீடித்த ஒரு முன்னேற்றத்தை மட்டுமே அது சொன்னது. குழந்தைகளைப் பற்றியோ இசை கற்பதைப் பற்றியோ அது எதுவும் சொல்லவில்லை. 2004-இல் உளவியல் ஆய்வாளர் ஷெல்லன்பெர்க் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவனமானது. ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைப் பிரித்து, சிலருக்கு ஒரு வருடம் கீபோர்டோ வாய்ப்பாட்டோ கற்றுக்கொடுத்தார். நுண்ணறிவு மதிப்பெண் எல்லாக் குழுக்களிலும் கூடியது. இசைக் குழுவில் சராசரி ஏழு புள்ளி, மற்றவர்களுக்கு நான்கு புள்ளிக்குச் சற்று மேல். வித்தியாசம் உண்டு, ஆனால் சிறியது. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியவர்களில் சிலர் அந்தச் சின்னப் பலனையும் சந்தேகிக்கிறார்கள். என் கருத்து, அந்த வாதத்தை அடித்தளமாக வைத்துக்கொள்ளாதீர்கள். நாளை வேறொரு ஆய்வு வந்தால் உங்கள் பீரியடும் போய்விடும். நிர்வாகத்திடம் காட்ட உங்கள் பெயர்ப் பட்டியல் இருக்கிறது: வருட ஆரம்பத்தில் இத்தனை பேருக்கு இரண்டு ஸ்வரம் சேர்ந்தது, இப்போது இத்தனை பேருக்குச் சேர்கிறது. அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது.

உயர் வகுப்புப் பையன்கள் திடீரென்று பாடுவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதையும் குறிப்பிட்டிருந்தீர்கள். மகரக்கட்டு, அதாவது பையன்களின் குரல் உடைவது, பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் வருகிறது. குரல்வளை பெரிதாகிக் குரல்நாண்கள் நீண்டு, குரல் ஒரு ஸ்தாயி அளவுக்கு இறங்கும். பெண்பிள்ளைகளுக்கும் குரல் மாறும், ஆனால் இறக்கம் சில ஸ்வரம்தான். இந்தக் காலத்தில் பாடவே கூடாது என்று ஒரு பழைய கருத்து உண்டு. இன்று பலரும், திணறாமல் வசதியான ஸ்வரங்களுக்குள் பாடினால் தவறில்லை என்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் எவ்வளவு பாடலாம் என்பது பையனுக்குப் பையன் மாறும், அதற்கு ஒரே அளவுகோல் தர என்னால் முடியாது. குரல் உடைந்துகொண்டிருக்கும் பையனுக்கு நான்கு ஸ்வரத்துக்குள் அடங்கும் ஒரு கீழ்வரியை நீங்களே அமைத்துக் கொடுங்கள். "உனக்கு என்ன நடக்கிறது தெரியுமா" என்று வகுப்பு முழுவதற்கும் முன்கூட்டியே, மகரக்கட்டு யாருக்கும் தொடங்குவதற்கு முந்தைய வருடமே விளக்கிவிடுங்கள். முன்பே தெரிந்திருந்தால் குரல் பிசிறும்போது சிரிக்கிறவர்களும் குறைவு, ஒதுங்குகிறவர்களும் குறைவு.

கடைசியாக விழா. விழாவை எதிரியாகப் பார்க்க வேண்டாம், பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் வரம்புக்குள் நிற்கும் சின்னப் பாட்டு ஒன்று, பெரிய பாட்டு இரண்டு தருவதைவிட மேடையில் நன்றாக இருக்கும். ஒத்திகையை எப்போதும் முதல் வரியிலிருந்து தொடங்காதீர்கள், அப்படிச் செய்தால் முதல் வரி நூறு தரமும் கடைசி வரி பத்து தரமும் பாடப்பட்டிருக்கும். கடைசி வரியில் தொடங்குங்கள், அப்புறம் அதற்கு முந்தைய வரியையும் சேர்த்துப் பாடுங்கள், இப்படியே பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். மேடையில் பாடப் பாடப் பழகிய இடத்துக்குள் போய்க்கொண்டே இருப்பார்கள். ஒத்திகை நடக்கும் வாரங்களிலும் வருகைப் பதிவுப் பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், அந்த மூன்று நிமிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மூன்று மாதம் செய்து பார்த்துவிட்டு எந்த வகுப்பில் எது சரிப்படவில்லை என்று எழுதுங்கள். பிள்ளைகளின் வயதையும் நீங்கள் ஆரம்பித்த கட்டையையும் குறிப்பிட்டால் இன்னும் தெளிவாகப் பதில் சொல்ல முடியும்.